மூளையின் காலத்தொடரும் வடிகட்டும் நெறியும்

நம் கல்லூரி அன்னை விழாக்கோலம் பூண்டு நிற்கும் இவ்வேளையில், மலர்க்குழுவினர் என்னிடம் ஒரு கட்டுரை வேண்டினர். தமிழாசிரியனிடம் அவர்கள் எதிர்பார்த்தது இலக்கியக் கட்டுரையே. யான் எழுதப் புகுந்ததோ, மூளையைப் படம் பிடிக்கும் கருவி தரும் எண்களை வடிகட்டுதல் பற்றியது. இம்மாற்றத்துக்குக் காரணர் நம் பழைய மாணவர் ஒருவரே.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகமொன்றின் மூளைப்படிம ஆய்வுகூடத்திற் பணிபுரியும் அவர், விடுமுறையில் ஊர் வந்திருந்தார். உயர்தர வகுப்பு மாணவர்க்குத் தம் தொழிலைப் பற்றித் தமிழில் உரையாற்ற விரும்பி, “சேர், நான்கு வகை வடிகட்டிகளுக்குத் தமிழ்ப் பெயர் வேண்டும்” என்றார். பொருள் அறியாது பெயர் சூட்டுதல் முறையன்று. ஆதலின், “முதலிற் பொருளைச் சொல்லும் தம்பி, பெயரைப் பின்னர்த் தேடுவோம்” என்றேன். இரண்டு மாலைப்பொழுதுகள் மாணவர் ஆசிரியராகவும் ஆசிரியர் மாணவராகவும் அமர்ந்திருந்தோம். அன்று யான் கற்ற பாடத்தையே ஈண்டு எழுதுகின்றேன். விஞ்ஞானம் பயிலும் மாணவர்க்கு இது பயன்படும். ஏனையோர்க்கும் இதன் இறுதியில் ஒன்று உண்டு.

காலத்தொடர் என்பது யாது?

ஒரே பொருளை ஒத்த இடைவெளிகளில் மீண்டும் மீண்டும் அளந்து, அளந்த ஒழுங்கிலேயே எழுதிவைத்த எண்களின் வரிசை காலத்தொடர் எனப்படும். பெயர் புதிதாயினும், சபரகமுவத் தோட்டங்களில் வாழ்வோர்க்குப் பொருள் புதிதன்று. தோட்டத்து மழைமானியை நாள்தோறும் காலையிற் பார்த்து எழுதும் ஏடு ஒரு காலத்தொடர். கொழுந்தை நிறுத்துக் கணக்கப்பிள்ளை பேர்பேராகப் பதியும் நிறை ஒரு காலத்தொடர். றப்பர்த் தோட்டத்திற் பால் அளந்து எழுதும் கணக்கும், வகுப்பாசிரியரின் வரவு இடாப்பும் அத்தகையனவே.

இவ்வெண்கள் ஒவ்வொன்றிலும் பல காரணங்கள் கலந்து நிற்கும். கொழுந்தெடுக்கும் ஒரு பெண்ணின் நாள் நிறையை எடுத்துக்கொள்வோம். பருவமழையால் மலை தளிர்த்தல் மெல்ல நிகழும் மாற்றம். அது வாரக்கணக்கிற் செல்லும். ஒருநாட் பெருமழையால் நிறை குறைதல் விரைந்து நிகழும் மாற்றம். அது மறுநாளே மறையும். இரண்டும் ஓர் எண்ணிலே கலந்துள. இவ்வாறு கலந்தவற்றை அவற்றின் வேகங் கொண்டு வேறுபிரித்தலே காலவழி வடிகட்டல் ஆகும்.

விளக்கத்தின் பொருட்டு ஒரு சிறு கணக்கை யானே அமைத்துத் தருகின்றேன். ஆறு நாளின் நிறை முறையே 18, 21, 12, 21, 24, 15 கிலோ என்க. இவ்வெண்களை வெறுமனே நோக்கின் ஏற்றமும் இறக்கமுமே தோன்றும். மும்மூன்று நாளாகச் சேர்த்துச் சராசரி காண்க. முதன் மூன்று நாளின் சராசரி 17. அடுத்து ஒருநாள் நகர்ந்து கண்டால் 18, பின்னர் 19, பின்னர் 20. குழப்பமாகத் தோன்றிய எண்களுக்குள் மெல்ல ஏறிச்செல்லும் நேர்கோடு ஒன்று மறைந்திருந்தமை புலனாகின்றது. மலை தளிர்க்கின்றது என்பதே அதன் பொருள்.

இனி, ஒவ்வொரு மூன்றின் நடுநாள் நிறையிலிருந்தும் அதன் சராசரியைக் கழிக்க. 21இலிருந்து 17 கழிய மிகை 4. 12இலிருந்து 18 கழியக் குறை 6. அடுத்து மிகை 2. அதனையடுத்து மிகை 4. இப்போது தளிர்ப்பு மறைந்துவிட்டது. மூன்றாம் நாளின் வீழ்ச்சி மாத்திரம் எடுப்பாய்த் தெரிகின்றது. முதலிற் செய்தது மெதுவானதைக் காத்து விரைவானதைக் கழித்தல். அடுத்துச் செய்தது விரைவானதைக் காத்து மெதுவானதைக் கழித்தல். இவ்விரண்டில் எது சரி என்று வினவுதல் பொருந்தாது. மலையின் வளத்தை அறிய விரும்புவார்க்கு முன்னையது. மழைநாளின் நட்டத்தை அறிய விரும்புவார்க்குப் பின்னையது. ஆறு எண்கள் நான்காகக் குறைந்ததையும் மாணவர் கவனிக்க. வடிகட்டலுக்கு விலை உண்டு; தொடரின் இரு நுனிகளிலும் அவ்விலையை நாம் செலுத்துகின்றோம்.

மூளை தரும் காலத்தொடர்

மூளையின் காலத்தொடரை எடுக்கும் வழிகளுள் மூத்தது, தலையில் மின்வாய்களைப் பொருத்தி மின்னழுத்த மாற்றங்களை வரைதல். செருமனியின் யேனா நகரத்து மருத்துவர் ஹான்ஸ் பேர்கர் 1924இல் மனிதனின் மூளை மின்னலைகளை முதன்முதலிற் பதிந்து, 1929இல் அதனை வெளியிட்டார். இம்முறை செக்கனின் ஆயிரத்திலொரு பங்கில் நிகழும் மாற்றத்தையுங் காட்டும். ஆயின் அம்மாற்றம் மூளையின் எவ்விடத்தது என்பதைத் துல்லியமாகக் காட்டாது.

மற்றையது, மருத்துவமனைகளில் எம்.ஆர்.ஐ. ஸ்கான் என வழங்கும் காந்தப் பரிவுப் படிமத்தின் ஒரு கிளை. இரத்தத்திலுள்ள ஈமோகுளோபின் ஒட்சிசனைச் சுமக்கும்போது ஒரு காந்தவியல்பையும், அதனை இறக்கியபின் வேறொரு காந்தவியல்பையும் உடையது. இதனை லைனஸ் போலிங், சாள்ஸ் கோரியெல் ஆகியோர் 1936இலேயே கண்டனர். 1990இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திற் பணிபுரிந்த செய்ஜி ஒகாவாவும் அவர்தம் குழுவினரும், இவ்வேறுபாட்டைக் கொண்டு உயிருள்ள மூளையில் ஒட்சிசன் மாற்றத்தைப் படமாக்கலாம் என எலிகளிற் காட்டினர். 1992இல் மனித மூளையிலும் அது கைகூடிற்று. மூளையில் ஓரிடம் தொழிற்படும்போது அவ்விடத்துக்குப் புது இரத்தம் மிகுதியாகப் பாயும். அப்பாய்ச்சலே படத்தில் ஒளி மிகுதலாகத் தெரியும். அம்மிகுதியும் நூற்றுக்கு ஒன்று, இரண்டு என்னும் அளவினதே.

இக்கருவி மூளை முழுவதையும் ஏறக்குறைய இரண்டு செக்கனுக்கு ஒருமுறை படம் பிடிக்கும் எனக் கொள்வோம். பத்து நிமிடத்தில் 300 படங்கள். மூளையின் ஒவ்வொரு சிறு கட்டத்துக்கும் 300 எண்கொண்ட காலத்தொடர் ஒன்று கிடைக்கும். அத்தகைய கட்டங்களோ பல்லாயிரம்.

ஈண்டு ஓர் உண்மையை மறத்தலாகாது. கருவி அளப்பது நரம்புக் கலங்களின் தொழிலையன்று. அத்தொழிலின் பின் வரும் இரத்தப் பாய்ச்சலையே. இரத்தினபுரியில் வாழ்வோர்க்கு இதனை எளிதில் விளக்கலாம். சிவனொளிபாத மலைச்சாரலிற் பெய்யும் மழையைக் காணாது, களு கங்கையின் நீர்மட்டத்தை மாத்திரம் பாலத்தில் நின்று அளப்பவனை எண்ணுக. மழை பெய்த பின்னரே ஆறு ஏறும். மழை விட்ட பின்னரும் ஆறு உடனே வடியாது. தனித்தனித் துளிகள் ஆற்றிற் புலப்படா. அவ்வாறே நரம்புக் கலங்களின் தொழில் நொடிப்பொழுதில் முடிய, இரத்தப் பெருக்கு ஐந்து, ஆறு செக்கன் கழித்தே உச்சமடைந்து மெல்ல வடியும். ஆகவே, முதல் வடிகட்டியை விஞ்ஞானி அமைப்பதன் முன்னரே உடல் அமைத்துவிட்டது. இக்கருவியில் நாம் தேடும் செய்தி இயல்பாகவே மெதுவானது.

கலந்து வரும் மாசுகள்

அம்மெதுவான செய்தியோடு கலந்து வரும் மாசுகளை வேகம் பற்றி மூன்றாக வகுக்கலாம்.

முதலாவது, செய்தியினும் மெதுவானது. கருவி வேலைசெய்து சூடேறுதலாலும், படுத்திருப்பவரின் தலை சிறிது சிறிதாக அமிழ்ந்து அசைதலாலும், எண்கள் நிமிடக்கணக்கில் ஒருபக்கமாகச் சரிந்து செல்லும். இது நகர்வு எனப்படும்.

இரண்டாவது, செய்தியினும் விரைவானது. மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய 15 முறை. நெஞ்சத்துடிப்பு நிமிடத்துக்கு 60 முதல் 80 முறை. இவ்விரண்டும் மூளையின் இரத்தத்தை அசைக்கும்.

மூன்றாவது, வேகக்கணக்கில் அடங்காதது. படுத்திருப்பவர் திடீரெனத் தலையை அசைத்தலால் ஓரிரு படங்களில் மாத்திரம் எழும் பாய்ச்சல் இது.

நால்வகை வடிகட்டிகள்

ஓர் அசைவு ஒரு செக்கனில் எத்தனைமுறை மீண்டு வருகின்றது என்னும் எண்ணை மீடிறன் என்பர். அதன் அலகு ஹேர்ட்ஸ். நூறு செக்கனுக்கு ஒருமுறை வருவதன் மீடிறன் 0.01 ஹேர்ட்ஸ், பத்துச் செக்கனுக்கு ஒருமுறை வருவது 0.1 ஹேர்ட்ஸ். வடிகட்டி ஒவ்வொன்றும் ஒரு வரம்பை வைத்து, அதன் ஒருபுறத்ததை விடுத்து மறுபுறத்ததை மறிக்கும்.

பெயர் தேடும்போது எனக்கு நன்னூலின் மாணாக்கர் வகை நினைவுக்கு வந்தது. பாலையும் நீரையும் பிரித்துப் பாலைக் கொள்ளும் அன்னத்தைத் தலைமாணாக்கர்க்கும், நெய்யை ஒழுகவிட்டுக் கசடைப் பற்றிக்கொள்ளும் நெய்யரியைக் கடைமாணாக்கர்க்கும் பவணந்தியார் உவமையாக்கினார். எண்ணிப் பார்ப்பின், நெய்யரி தன் தொழிலிற் குற்றமுடையதன்று; அது செய்யவேண்டியதையே செய்கின்றது. எஞ்சியதைக் கொள்வதா, ஒழுகியதைக் கொள்வதா என்பதே வினா. தேநீர் வடியில் ஒழுகியதைக் கொள்கின்றோம். மாணிக்கக் குழியின் சரளையைக் கூடையிலிட்டு நீரிற் சுழற்றுவோர் அடியில் எஞ்சியதைக் கொள்கின்றனர். ஆகவே பெயரில் எது விடப்படுகின்றது என்பது தெளிவாக இருத்தல் வேண்டும் என முடிவுசெய்து, நால்வகைக்கும் இவ்வாறு பெயரிட்டோம்.

ஒன்று, விரைவுவிடு வடி. இது மெதுவானதை மறிக்கும். நகர்வைக் களைய உதவுவது இதுவே. ஆய்வுகூடங்களிற் பெரிதும் வழங்கும் கணினி நிரல்களுள், இலண்டனில் ஆக்கப்பட்ட எஸ்.பி.எம். இதன் வரம்பை 128 செக்கன் எனவும், ஒக்ஸ்போர்டில் ஆக்கப்பட்ட எஃப்.எஸ்.எல். 100 செக்கன் எனவும், பயன்படுத்துவோர் வேறு கூறாதவிடத்துத் தாமே வைத்துக்கொள்கின்றன. அமெரிக்காவின் மனித மூளை இணைப்பியற் பெருந்திட்டத்தினரோ 2000 செக்கன் என்னும் மிக மெல்லிய வரம்பை வைத்து, ஏனைய மாசுகளை வேறு வழிகளாற் களைந்தனர். ஒரே வகை எண்களுக்கு மூன்று வரம்புகள்! ஏன்? அவரவர் வினாவும் வழியும் வேறு.

இதன் ஆபத்தை ஓர் உதாரணத்தாற் காண்க. படுத்திருப்பவரை 30 செக்கன் விரலசைக்கவும் 30 செக்கன் ஓய்ந்திருக்கவும் செய்தால், வட்டம் ஒன்று 60 செக்கன். 128 செக்கன் வரம்பு அதனைத் தீண்டாது. மூன்று நிமிடம் அசைத்து மூன்று நிமிடம் ஓய்ந்தால் வட்டம் 360 செக்கன். அதே வரம்பு மூளையின் விடையையே நகர்வு எனக் கருதிக் கழுவிவிடும். ஆய்வாளர் கையில் வெறுமை எஞ்சும். அவர் மூளை தொழிற்படவில்லை என எழுதுவார். பிழை மூளையினதன்று.

இரண்டு, மெதுவிடு வடி. இது விரைவானதை மறிக்கும். கொழுந்து நிறையின் மூன்றுநாட் சராசரி இவ்வகையின் மிக எளிய வடிவம். பணி கொடுத்துச் செய்யும் ஆய்வுகளில் இதனை இக்காலத்துப் பெரும்பாலும் விலக்குவர். அடுத்தடுத்த எண்களைச் செயற்கையாக ஒன்றையொன்று ஒத்திருக்கச் செய்தலும், விரைந்த பணிகளின் விடையை மழுக்குதலும் இதன் குறைகள்.

மூன்று, நடுவிடு வடி. இரு வரம்புகளை வைத்து இடைப்பட்டதை மாத்திரம் விடுவது. பணி எதுவுமின்றி ஓய்ந்திருக்கும் மூளையை ஆய்வோர் பொதுவாக 0.01 முதல் 0.1 ஹேர்ட்ஸ் வரையும், சிலர் 0.08 வரையும் விடுவர்.

நான்கு, நடுமறி வடி. இடைப்பட்ட ஒரு சிறு பகுதியை மாத்திரம் மறிப்பது. மின்வாய் முறையில் இது பயன்படும். நம் நாட்டு மின்சாரம் செக்கனுக்கு 50 முறை மாறும் இயல்பினது. சுவரிலுள்ள கம்பிகளின் அவ்வதிர்வு மூளை மின்னலைப் பதிவிலும் ஏறிவிடும். அதனை மாத்திரம் பெயர்த்தெடுக்க 50 ஹேர்ட்ஸ் நடுமறி வடியை இடுவர்.

வேடமிட்டு வரும் விரைவு

மெதுவிடு வடியை இட்டால் நெஞ்சத்துடிப்பு முற்றும் நீங்கும் என எண்ணுதல் இயல்பு. அவ்வெண்ணம் தவறு. இதனை விளங்க ஒரு கடிகாரம் போதும். செக்கன் முள்ளை 61 செக்கனுக்கு ஒருமுறை மாத்திரம் கண்திறந்து பாருங்கள். ஒவ்வொரு முறையும் அது ஒரு செக்கன் தூரமே நகர்ந்ததாகத் தோன்றும். நிமிடத்துக்கு ஒருமுறை சுற்றும் முள், ஏறக்குறைய ஒரு மணித்தியாலத்துக்கு ஒருமுறை சுற்றுவதாகக் காட்சி தரும். விரைவானது மெதுவானதன் வேடமிட்டு வந்துவிட்டது.

படங்கள் இரண்டு செக்கனுக்கு ஒருமுறை எடுக்கப்படின், நான்கு செக்கனிலும் குறைந்த வட்டமுடைய எதனையும் உள்ளபடி காண இயலாது. நெஞ்சம் நிமிடத்துக்கு 66 முறை துடிப்பின், இரு படங்களுக்கிடையில் 2.2 துடிப்புகள். முழுத்துடிப்பு இரண்டும் மறைந்துபோக, 0.2 மாத்திரம் தெரியும். ஐந்து படங்களில், அஃதாவது பத்துச் செக்கனில், ஒரு வட்டம் நிறைந்ததாகத் தோன்றும். பத்துச் செக்கனுக்கு ஒருமுறை என்பது 0.1 ஹேர்ட்ஸ், நாம் தேடும் செய்தியின் வாசற்படி அது. உள்ளே நுழைந்துவிட்ட இதனை எந்த வடிகட்டியாலும் இனங்காண முடியாது. ஆதலின் கவனமுள்ள ஆய்வாளர், படமெடுக்கும்போதே நெஞ்சத்துடிப்பையும் மூச்சையும் தனியே பதிந்து, அவற்றின் பங்கைக் கணித்துக் கழிக்கின்றனர். வடிகட்டியால் ஆகாததை உடன்பதிவு செய்கின்றது.

கழிவிலே கிடந்த மணி

இரத்தினபுரி மக்கள் அறிந்த ஒரு வரலாறு உண்டு. மாணிக்கச் சரளையோடு கெவுடா எனப்படும் பால்நிறக் கற்கள் கிடைக்கும். நீலக்கல்லின் இனத்தவையாயினும், நிறமின்மையால் அவற்றைப் பயனற்றவை என ஒதுக்கினர். 1970களில் தாய்லாந்து வணிகர் அவற்றை வாங்கிச் சென்று, 1500 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்திற் சுட்டனர். கல்லினுள் மெல்லிய இழைகளாய்ப் பரந்திருந்த தைத்தேனியம் கரைந்து, இரும்போடு சேர்ந்து நீலநிறம் தந்தது. கழிவெனக் கொட்டியது நீலமணியாயிற்று. கல் மாறவில்லை என்று சொல்ல முடியாது. ஆயின் மணியாகும் தகுதி அதனுள் முன்னரே இருந்தது. காண்பார்தாம் இலர்.

மூளைப்படிமத்திலும் இத்தகையதொரு நிகழ்ச்சி உண்டு. பணி கொடுத்தபோது மூளை தரும் விடையே செய்தி, பணியின்றிக் கிடக்கும்போது எழும் மெல்லிய ஏற்ற இறக்கங்கள் இரைச்சல் என்பது தொடக்ககாலக் கொள்கை. அமெரிக்காவின் மில்வாக்கி நகரிலுள்ள விஸ்கொன்சின் மருத்துவக் கல்லூரியில் ஆய்வு மாணவராயிருந்தவர் இந்திய வமிசத்தவரான பரத் பிஸ்வால். அவர் அவ்விரைச்சலையே நுணுகி நோக்கினார். ஓய்ந்திருப்போரின் காலத்தொடர்களை மெதுவிடு வடியிலிட்டு, 0.08 ஹேர்ட்ஸுக்கு மேற்பட்ட மூச்சையும் துடிப்பையும் விலக்கிப் பார்த்தார். இடக்கையை இயக்கும் மூளைப்பகுதியும், மறுபுறத்தே வலக்கையை இயக்கும் மூளைப்பகுதியும், கைகள் அசையாதிருக்கும்போதும் ஒருங்கே ஏறி ஒருங்கே இறங்கக் கண்டார். 1995இல் அவரும் துணைவரும் இதனை வெளியிட்டனர். இரைச்சல் என்று இகழப்பட்டதினுள் மூளைப்பகுதிகள் தம்முட் கொண்ட உறவு மறைந்திருந்தது.

இதனைப் பலர் உடனே ஏற்றிலர். மூச்சின் எச்சமே இது என ஐயுற்றோரும் உளர். மேலே கூறிய வேடத்தை நோக்கின், அவ்வையமும் நேர்மையானதே. எனினும் ஆண்டுகள் செல்லச் செல்லச் சான்றுகள் பெருகின. 2010இல் பிஸ்வாலை முதலாசிரியராகக் கொண்டு வெளிவந்த ஆய்வு, 35 நிலையங்களிலிருந்து 1,414 பேரின் ஓய்வுநிலைப் பதிவுகளை ஒன்றுதிரட்டி யாவர்க்கும் பொதுவாக்கிற்று. இன்று ஓய்வுநிலை மூளையின் ஆய்வு ஒரு பெருந்துறை. 0.1 ஹேர்ட்ஸுக்கு மேலும் உண்மையான செய்தி உண்டு எனப் பின்வந்தோர் சிலர் காட்டியுள்ளனர். அன்று மணியைக் கண்டெடுக்க உதவிய வரம்பே இன்று வேறு மணியை மறைக்கவுங் கூடும்.

கைக்கொள்ள வேண்டிய நெறிகள்

பழைய மாணவர் கூறியவற்றுள் மாணவர் மனங்கொள்ளத் தக்கன நான்கு.

முதலாவது, வினா முன், வரம்பு பின். நிரல் தானே வைத்த எண்ணை ஆராயாது ஏற்றல், அளவு பாராது பிறர் சட்டையை அணிதலை ஒக்கும்.

இரண்டாவது, ஒழுங்கு பிறழலாகாது. தலையசைவால் எழுந்த பாய்ச்சலை நீக்காமல் வடியிலிட்டால், அது முன்னும் பின்னுமுள்ள படங்களுக்கும் பரவும். வேட்டியில் விழுந்த மஞ்சட் கறையை ஈரக்கையால் தேய்த்தது போலாகும். எண்களை வடிகட்டிய பின், வடிகட்டாத அசைவுக் கணக்கைக் கொண்டு மீண்டும் கழித்தால், களைந்த மாசு மறுவழியால் உட்புகும் என 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வு எடுத்துக்காட்டிற்று. இரண்டையும் ஒரே வடியில் இடுதல், அன்றி ஒரே கணக்கில் ஒருங்கே செய்தல் வேண்டும்.

மூன்றாவது, இழப்பைக் கணக்கிடுக. இரண்டு செக்கனுக்கு ஒரு படம் எனின், காணத்தக்க மீடிறன் 0 முதல் 0.25 ஹேர்ட்ஸ் வரை. அதில் 0.01 முதல் 0.1 வரை விட்டால் எஞ்சுவது நூற்றுக்கு 36. ஆகவே 300 படங்கள் ஏறக்குறைய 108 படங்களின் வலிமையே உடையன. 300 என்றே எண்ணிக் கணிப்பவர், இல்லாத உறவை உண்டெனச் சாதிப்பார்.

நான்காவது, செய்ததைச் சொல்லுக. எவ்வடி, எவ்வரம்பு, எவ்வொழுங்கு என்பவற்றை எழுதாத ஆய்வைப் பிறர் சோதிக்க இயலாது. வடிகட்டிய எண்களிலிருந்து கழித்ததை மீட்கவும் இயலாது. மூலப்பதிவைக் காத்துவைத்தலே காப்பு.

இந்நெறிகள் மூளைக்கு மாத்திரம் உரியனவல்ல. கேகாலை மாவட்டத்து அரநாயக்காவில் 2016 மே 17ஆம் நாள் மலை சரிந்து ஊர்களை மூடியதை நாம் மறந்திலோம். ஒரு மாதத்தில் 450 மில்லிமீற்றர் மழை எனின், நாட்சராசரி 15. அவ்வெண்ணில் அச்சம் எதுவும் இல்லை. அதில் 150 மில்லிமீற்றர் ஒரேநாளிற் பெய்திருப்பின், மலையடிவாரத்து லயங்களில் வாழ்வோர் இரவோடிரவாக வெளியேற வேண்டும். தேயிலையின் விளைச்சலுக்கு மெதுவிடு வடி. உயிர்க்காவலுக்கு விரைவுவிடு வடி. தோட்டத்து மழை ஏட்டைப் பெற்று இரு வகையாலும் கணித்துப் பார்த்தல் மாணவர்க்கு நற்பயிற்சியாகும்.

என் இடாப்பு

இறுதியில் என் குறையொன்றைச் சொல்லுதல் கடன். இக்கல்லூரிக்கு வருமுன், றப்பர்த் தோட்டமொன்றை அடுத்த பாடசாலையில் யான் வகுப்பாசிரியனாக இருந்தேன். அவ்வகுப்பில் ஒரு மாணவன் மாதந்தோறும் ஏறக்குறைய நூற்றுக்கு 60 நாளே வந்தான். மாத முடிவில் வீதங் கண்டு, “ஒழுங்கற்ற வரவு” என அவன் அறிக்கையில் எழுதினேன். நல்ல வெயில் நாளில் வராதவன், கொட்டும் மழையில் ஏனையோர் வராத நாளில், வாழையிலையைத் தலையிற் பிடித்துக்கொண்டு வந்து நிற்பான். அதனை விசித்திரம் என்று எண்ணினேனே அன்றி, ஏன் என்று வினவினேனல்லேன். ஒன்பதாந் தரத்தோடு அவன் நின்றுவிட்டான்.

பழைய மாணவர் பாடஞ் சொன்ன அன்றிரவு, பழைய குறிப்பேட்டை எடுத்து நாள்நாளாகப் பார்த்தேன். பின்னர் அத்தோட்டத்து நண்பரொருவரிடம் அவ்வாண்டு மழைக்கணக்கை வாங்கி அருகில் வைத்தேன். மழை பெய்த நாளெல்லாம் அவன் வந்திருந்தான். வெயில் எறித்த நாளெல்லாம் நின்றிருந்தான். மரம் நனைந்தால் பால் வெட்டு இல்லை. தாயும் தந்தையும் வீட்டில் இருப்பர். வெயிலெனின் இருவரும் வெட்டுக்குச் செல்வர். படுக்கையிற் கிடந்த பாட்டியைப் பார்த்துக்கொள்ள அவனையன்றி யாரும் இலர். இச்செய்தியை அந்நண்பரே பின்னர்ச் சொன்னார்.

என் இடாப்பில் விடை இருந்தது. மாத வீதம் என்னும் வடியில் இட்டு, அவ்விடையை யானே கழித்துவிட்டேன். அவன் வரவு ஒழுங்கற்றதன்று. வகுப்பிலேயே மிக ஒழுங்கான வரவு அவனதே. அவ்வொழுங்கு என் வினாவுக்குள் அடங்கவில்லை, அவ்வளவே. நன்னூலார் மாணாக்கரை நெய்யரி என்றார். அன்று நெய்யரியாய் இருந்தவன் ஆசிரியனே.

அதன்பின் இடாப்பை மூடுமுன் ஒரு பழக்கங் கொண்டேன். வீதத்தை எழுதுவதன் முன், வராத நாள்களை ஒவ்வொன்றாகப் படித்துப் பார்க்கின்றேன். படிமக் கருவியின் முன் அமரப்போகும் நம் மாணவரும், வகுப்பறையில் நிற்கப்போகும் நம் மாணவரும், கழிக்குமுன் ஒருமுறை கழிவைக் கிளறிப் பார்ப்பாராக. நம் கல்லூரி அன்னை அத்தகைய மக்களைப் பெற்று நீடு வாழ்க.